நான்தான் கோட்டைக்காவலன்

ஜூன் 8, 2025, ஞாயிறு

பத்து மணிக்கு வருகிறேன் என்ற தண்ணீர் லாரி பன்னிரண்டுக்கு வந்தது. சம்ப் மூடியைத் திறந்துவிட்டு வாசலில் நின்றபடி போனைப் பார்த்தேன். 'லேன்டர்ன் கேட்' ஐந்தாம் பாகம் வருகிறதாம். அடுத்த பிப்ரவரியில். இருபத்தொரு வருடம் கழித்து!

ஒரே ஒரு படம்தான் போட்டிருக்கிறார்கள். இருட்டு, கீழே இறங்கும் படிக்கட்டு, ஒரு கையில் ராந்தல். அவ்வளவுதான். சம்ப் நிரம்பித் தெருவில் வழிந்து ஓடுவதை எதிர்வீட்டுக்காரர் கத்திச் சொன்ன பிறகே கவனித்தேன். சந்திரிகா திட்டினாள். ஒரு வீடியோ கேம் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினேன் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? நாற்பத்தொரு வயது எனக்கு.

ஜூன் 10, செவ்வாய்

சிறுசேரி போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடவாக்கம் சிக்னல் நீளமாகவே தெரியவில்லை.

ஜூன் 14, சனி

யாருக்காகவும் இல்லை, எனக்காக எழுதி வைக்கிறேன்.

1997. எட்டாம் வகுப்பு. ஸ்ரீவத்சன் வீட்டில் டிவி கேம் வாங்கியிருந்தார்கள். அவர்கள் இருந்தது ராஜகீழ்ப்பாக்கம் காலனியில். நாங்கள் செம்பாக்கம் ஊருக்குள். அப்பா அப்போதுதான் ஏரிப் பக்கத்து நிலத்தை மனை போட்டு விற்க ஆரம்பித்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை அவன் வீட்டுக்கு விடுவேன். பர்மா பஜாரில் வாங்கிய கேசட். மேலே ஒட்டியிருந்தது ஜப்பான் எழுத்து, ஒன்றும் புரியாது. ஒருவன் ராந்தலைத் தூக்கிக்கொண்டு பூமிக்கு அடியில் உள்ள கோட்டைக்குள் இறங்குவான். எண்ணெய் தீர்ந்தால் இருட்டு, இருட்டினால் செத்தான். திரும்ப முதல் படியிலிருந்து இறங்க வேண்டும். அவனுக்கு ராந்தல்காரன் என்று பெயர் வைத்தோம். கேமுக்கும் ராந்தல் என்றே பெயர். அதன் நிஜப் பெயர் காலேஜ் போன பிறகுதான் தெரியும்.

மூன்று பாகங்களை அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முடித்தோம். நானும் அவனும் மாற்றி மாற்றி. அவன் தங்கை நித்யஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள், மூன்றாம் வகுப்பு. கோட்டைக்குள் எந்த அறை எங்கே போகிறது என்று கோடு போட்ட நோட்டில் மேப் வரைந்து வைத்திருந்தோம். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

நான்காம் பாகத்தோடு அதைச் செய்த கம்பெனி மூடிவிட்டது, இப்போது வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். ஸ்ரீவத்சன் கனடா போய்விட்டான். பத்து வருடம் முன்பு நான் இணையத்தில் 'ராந்தல் கோட்டை' என்று ஒரு பக்கம் ஆரம்பித்தேன். அந்த மேப்புகளைப் படம் பிடித்துப் போட்டேன். இன்று பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கே என் பெயர் கோட்டைக்காவலன். ஆபீசில் நான் இன்சூரன்ஸ் சாப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிறவன், வீட்டில் மோட்டார் போடுகிறவன். அங்கே நான் சொன்னால் கேட்கிறார்கள்.

ஜூலை 19, சனி

ட்ரெய்லர் வந்துவிட்டது. நான்கு முறை பார்த்தேன்.

இது அவன் இல்லை. நடை மாறிவிட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று காலால் தடவித் தடவி இறங்குகிறான். கிழவன் மாதிரி. அவன் ஓடுவான்! எண்ணெய் தீருமுன் ஓடுவான், அதுதானே ராந்தல்?

கூடவே இன்னொரு வீடியோ, கேமை உருவாக்குகிறவர்கள் பேசுவது. பதினைந்து நொடி ஒரு பெண் வருகிறாள். மாஸ்க் போட்டிருக்கிறாள், தலைமுடியை வெட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே 'நித்யா, சென்னை' என்று மட்டும் எழுத்து. ராந்தல்காரனின் அசைவுகளை வடிவமைத்தது அவளாம். நம் ஊரில் உட்கார்ந்துகொண்டா இதைச் செய்தார்கள்?

ஜூலை 20, ஞாயிறு

காலையில் எழுதிப் போட்டேன். 'ஒரு நாளும் கன்ட்ரோலரைத் தொட்டிராத ஒருத்தி கையில் நம் பால்யத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ராந்தல்காரன் இப்போது புடவை தடுக்கியவன் போல நடக்கிறான்' என்று தொடங்கி ஒரு பத்து வரி.

மதியத்துக்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். இதுவரை என்னுடைய எதற்கும் இவ்வளவு வந்ததில்லை. சாப்பிடும்போது அம்மா, "இன்னாடா, தனியா சிரிச்சிகினு கீற?" என்று கேட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

பஸ்ஸில் பின்னூட்டங்களைப் படித்துக்கொண்டே வந்தேன். சோழிங்கநல்லூர் தாண்டும்போது மூடிவிட்டேன். நான் எழுதியது நடையைப் பற்றி. இவர்கள் அவள் உடம்பைப் பற்றி எழுதுகிறார்கள். எவனோ அவள் படங்களைத் தோண்டி எடுத்துப் போட்டிருக்கிறான். தலையை வெட்டி வேறு உடம்பில் ஒட்டியும். அதற்கு நான் பொறுப்பா? நான் அப்படிச் செய்யச் சொன்னேனா?

அதே நாள், மாலை

ஒருவன் முழுப் பெயரைப் போட்டிருக்கிறான். நித்யஸ்ரீ பத்ரிநாராயணன். ராஜகீழ்ப்பாக்கம். தெருப் பெயர், அப்பாவின் போன் நம்பர்.

அந்தத் தெரு எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வீட்டுக்குப் போவேன்.

ஜூலை 23, புதன்

பதிவை அழித்துவிட்டேன். படம் பிடித்து வைத்தவர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆபீசுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூலை 26, சனி

பீரோவிலிருந்து நோட்டை எடுத்தேன்.

ஜூன் 14 அன்று நான் எழுதியது பொய். 'மேப் வரைந்து வைத்திருந்தோம்' என்று எழுதியிருக்கிறேன். நாங்கள் வரையவில்லை. அவள் வரைந்தாள். எட்டு வயதுப் பெண். நாங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தபோது ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். மூன்றாம் கோட்டையில் ஒரு மாதம் சுற்றினோம், வழி கிடைக்கவில்லை. 'இந்த ரூமும் அந்த ரூமும் ஒண்ணுதான், சுவர் மட்டும் வேற' என்று அவள்தான் காட்டினாள். நோட்டு முழுக்க அவள் கையெழுத்து. 'ற' போடும்போது வால் நீளமாக வரும்.

பத்து வருடம் முன்பு யாரோ அந்த இணையப் பக்கத்தில் கேட்டார்கள், இந்த மேப்பை வரைந்தது யார் என்று. 'நானும் என் நண்பனும்' என்று பதில் போட்டேன். ஏன்? அப்போது அவள் ஞாபகம் வராமலா போனது? வந்தது. ஒரு சின்னப் பெண் காட்டிய வழியில் ஜெயித்தோம் என்று சொல்லப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜூலை 20 அன்று என் பதிவின் முதல் வரிகளை மட்டும் இந்த டைரியில் எழுதினேன். கடைசி வரியை எழுதவில்லை. 'இந்த வேலை இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கமாட்டார்களா?' இதுதான் கடைசி வரி. எல்லோரும் பிடித்துக்கொண்டது அதைத்தான். எழுதும்போதே எனக்குத் தெரியும், பிடித்துக்கொள்வார்கள் என்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை எட்டரைக்கு ஸ்ரீவத்சன் கனடாவிலிருந்து கூப்பிட்டான். ஒன்றரை வருடமாகப் பேசவில்லை. அவன் பேர் போனில் வந்ததும், அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். மாடிக்கு ஓடினேன்.

தெரியவில்லை. அதைவிட மோசம்.

அந்தப் பக்கத்தில் இருக்கும் மேப்புகள் தன்னுடையவை என்று நித்யாவுக்கு ரொம்ப நாளாகத் தெரியுமாம். நோட்டு அண்ணனிடம்தான் இருந்தது என்று அவளுக்கு ஞாபகம். அதனால் கோட்டைக்காவலன் அவள் அண்ணன்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் அவனோடு பேசுவதில்லை. அப்பாவும் பேசுவதில்லை.

"டேய் தயா, சத்தியமா அது நான் இல்லடா. அந்த நோட்டு பரண்ல கிடந்து பழைய பேப்பர்காரன்கிட்ட போயிருக்கும், எவனோ எடுத்துப் போட்டிருக்கான். நீ ஒரு தடவை வீட்டுக்குப் போய் சொல்றியா? ஸ்ரீ அப்படிப்பட்டவன் இல்லன்னு. நீ சொன்னா அப்பா கேப்பார்" என்றான். அழுதான். ஸ்ரீவத்சன் அழுது நான் கேட்டதே இல்லை.

நீயா என்று அவன் கேட்கவில்லை. ஒரு தடவைகூட. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

'சரிடா, போறேன்' என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்த நோட்டைக் கொடுத்துவிடு என்று அவன் ப்ளஸ் டூ முடித்தபோது இரண்டு முறை கேட்டான். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

அங்கிள் மெலிந்திருக்கிறார். மாமி காபி கொண்டுவந்தார். ஊர்ப் பையன் என்று அந்த வீட்டில் எனக்கு ஒரு நாளும் தனி டம்ளர் வைத்ததில்லை. அதே பித்தளை டபராவில் இன்றும் கொடுத்தார். நித்யா மாடியில் இருக்கிறாள், கீழே வருவதில்லை என்றார். வீட்டிலிருந்தே வேலை செய்கிறாளாம். கம்பெனி அவளை இனி எந்த வீடியோவிலும் காட்டாதாம், அவள் பாதுகாப்புக்காகவாம்.

அங்கிளின் போன் டீப்பாய் மேல் இல்லை. எங்கே என்று கேட்டேன். ட்ராயரில் அணைத்து வைத்திருக்கிறாராம். அதில் படங்கள் வந்தன, மேற்கொண்டு சொல்லவில்லை. டெலிபோன் டிபார்ட்மென்டில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர்.

"நீ அவனோட சின்ன வயசுலேர்ந்து பழகினவன். கூடப் பொறந்தவளைப் போய் இப்படி எழுதுவானா? நீயே சொல்லு தயாளா" என்றார்.

"இல்ல அங்கிள். ஸ்ரீ எழுதமாட்டான்."

"அப்போ யார்?"

தெரியல என்றேன். காபியைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். டபராவைக் கழுவப் போன மாமியைப் பார்த்தபடி செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அதை எழுதினவன் அந்த வீட்டுக் காபியைக் குடிச்சிட்டு வந்திருக்கான். என்ன ஜென்மம்டா நீ?

ஆகஸ்ட் 14, வியாழன்

சந்திரிகாவிடம் சொன்னேன். ஆபீஸ் முடிந்து வந்ததும் சமையலறையில் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். அவள் அடுப்பை அணைத்தாள். எனக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருப்பது அவளுக்குத் தெரியும், அதன் பெயர் தெரியாது, படித்ததில்லை. அந்தப் பதிவைக் காட்டு என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். ஊரெல்லாம் சுற்றுகிறது என்றாயே, எடு என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க. வாய் விட்டு."

படித்தேன். கடைசி வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். அதையும் படிங்க என்றாள். முடியவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். நானும். கூடத்தில் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனக்கு வேலை கிடைத்தபோது தன் மாமாவும் இதையேதான் கேட்டார் என்று மட்டும் சொன்னாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள். பன்னிரண்டு வருடம் ஆகிறது எங்கள் கல்யாணம் ஆகி. அவள் அந்த வேலையை ஏன் விட்டாள் என்று நான் கேட்டதேயில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். நித்யாவைப் பார்க்க வேண்டும் என்றேன். மாமி மேலே போய்க் கூப்பிட்டார். படியிறங்கி வந்து, "வாங்க தயா அண்ணா" என்றாள். சிரித்தாள்கூட. முப்பத்தாறு வயது. நெற்றி அவள் அப்பாவுடையது. வீடியோவில் மாஸ்க் போட்டிருந்ததால்தான் தெரியவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாதவளாக இருந்தால் எழுதியிருக்கலாமா?

நோட்டை டீப்பாயில் வைத்து, "கோட்டைக்காவலன் நான்தான். ஸ்ரீ இல்ல" என்றேன். யோசித்து வைத்திருந்த மற்ற எதுவும் வரவில்லை.

அங்கிள் எழுந்து உள்ளே போனார். மாமியும் பின்னாலேயே போனார். அவள் நோட்டைப் புரட்டினாள். ரொம்ப நேரம் புரட்டினாள்.

"இந்த மேப்பைப் பாத்ததுமே அண்ணாதான்னு நினைச்சேன். இத்தனை வருஷமா அவனோட பக்கம்னு நினைச்சு தினம் படிச்சிட்டு இருந்தேன். யார் வரைஞ்சதுன்னு நான்தான் வேற பேர்ல கேட்டேன். நானும் நண்பனும்னு பதில் வந்தது. சரி, அண்ணா பெருமை அடிச்சிக்கறான், இருக்கட்டும்னு விட்டேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "உங்கள நினைக்கவே இல்ல."

மன்னிப்புக் கேட்டேன். அவள் நோட்டை மூடினாள்.

"கன்ட்ரோலரைத் தொட்டதில்லன்னு எழுதியிருந்தீங்க. நிஜம்தான். யார் தொட விடல?"

'உன்கிட்ட குடுத்தா செத்துடுவான், தள்ளிப் போ' என்று நான்தான் சொல்வேன். ஸ்ரீவத்சன் ஒன்றிரண்டு முறை கொடுக்கப் பார்த்தான். நான்தான் பிடுங்கினேன். அது அவன் வீட்டு டிவி கேம்.

அந்த நடையைப் பற்றியும் அவள் சொன்னாள், நான் கேட்காமலே. இருட்டில் படி இறங்குகிறவன் ஓடமாட்டான் என்றாள். நாங்கள் விளையாடும்போது அவனுக்கு எப்படியிருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் யோசித்துக்கொண்டே இருப்பாளாம். எங்களுக்கு அது தோன்றியதேயில்லை.

பக்கத்தை மூடிவிடுகிறேன், போனிலிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்றேன்.

"அழிச்சிட்டா நீங்க தப்பிச்சிடுவீங்க. அப்படியே இருக்கட்டும். உங்க பேரைப் போட்டு எழுதுங்க. யாரு, என்ன பண்ணினீங்கன்னு. மேப் யாரோடதுன்னும் எழுதுங்க" என்றாள். நோட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஏ. தயாளன், செம்பாக்கம் என்று பெயர் போட்டு எழுதினேன். படத்தோடு. மூன்று முறை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் 'ஆனால்' என்று ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது. எல்லா 'ஆனால்'களையும் எடுத்துவிட்டுப் போட்டேன்.

முதலில் ஸ்ரீவத்சனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கூப்பிட்டேன். எடுத்தான். சொன்னேன். மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

துரோகி, விலைபோனவன், பெண்டாட்டிக்குப் பயந்தவன். நேற்றுவரை 'தலைவா' என்றவர்கள்தான். என் அம்மாவைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஆபீசில் இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. கேன்டீனில் நான் உட்கார்ந்ததும் அனுப்பிரியா தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். அவள் என் டீமில் ஆறு வருடமாக இருக்கிறாள். சரிதான்.

பின்னூட்டங்களை மூடவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

சிலர் நித்யாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதினோராயிரத்தில் ஒரு நாற்பது பேர். அவளை அசிங்கமாக எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் போட்ட படங்களையும் எடுத்து அவள் கம்பெனி வக்கீலுக்கு அனுப்பினேன், என் பெயரை முதலாவதாகப் போட்டு. வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஒவ்வொரு வருடமும் காலையில் ஸ்ரீவத்சனிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். இந்த வருடம் வரவில்லை. நானும் அனுப்பவில்லை.

பிப்ரவரி 22, 2026, ஞாயிறு

கேம் வந்து பத்து நாள் ஆகிறது. வாங்கலாமா என்று யோசித்து யோசித்து வாங்கினேன். இன்று காலை முடித்தேன்.

நன்றாக இருக்கிறது. நான் ஆசைப்பட்டதைவிட. கடைசிக் கோட்டையில் ஒரு இடத்தில் எண்ணெய் தீர்ந்து முழு இருட்டாகிவிடும். பழைய கேமில் அதோடு முடிந்தது. இதில் சாகமாட்டான். சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கலாம். பதின்மூன்று வயதில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து இதற்குத்தான் ஏங்கினோம், செத்துப் போகாமல் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்க்க வேண்டும் என்று. ஆறாம் பாகமும் வரும் என்கிறார்கள். வரட்டும்.

முடிந்ததும் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடின. கடைசிவரை பார்த்தேன். அவள் பெயர் இல்லை. அவளே வேண்டாம் என்றாளா, அவர்கள் எடுத்துவிட்டார்களா தெரியாது. எதுவானாலும் எடுத்தது நான்.

யாரிடமாவது இதைப் பற்றிப் பேச வேண்டும் போல இருந்தது. யாரிருக்கிறார்கள்?

மார்ச் 8, ஞாயிறு

சந்திரிகாவோடு கேம்ப் ரோட்டில் காய்கறி வாங்கப் போனேன். அவள் ஸ்கூட்டரிலேயே இருந்தாள். கடைக்குள் வாழையிலைக் கட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தவன் திரும்பினான். ஸ்ரீவத்சன். தாடி நரைத்திருக்கிறது.

இரண்டு பேரும் நின்றோம். அவன்தான் முதலில் பேசினான்.

"நல்லா இருக்கீங்களா?"

இருக்கிறேன், எப்போது வந்தாய் என்றேன்.

"போன வாரம். அப்பாவுக்கு எண்பது. புதன்கிழமை வீட்டோட வெச்சிருக்கோம். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

சௌக்கியம் என்றேன். அவன் தலையாட்டினான். கடைப்பையன் இலைக்கட்டைத் தூக்க, இவன் பணத்தைக் கொடுத்துவிட்டு, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். காரில் நித்யா இருந்தாள். கண்ணாடியை இறக்கி அண்ணனிடம் எதையோ மறந்துவிட்டாயே என்று கையைக் காட்டினாள். அவன் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தபடி எதிர்க்கடைக்கு ஓடினான். அவளும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு கடைக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பையோடு ஸ்கூட்டருக்கு வந்தேன். யாரது என்று சந்திரிகா கேட்டாள்.

தெரிஞ்சவங்க என்றேன்.